செராம்பூர்: பட்டயம் இருந்தும் பட்டம் தராத கல்லூரி

வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியைப் பற்றி எழுதுவோர் பலரும் வில்லியம் கேரி புராணத்தோடு நிறுத்தி விடுகின்றனர். சுவிசேஷ ஊழியத்துக்கு வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் சேர்ந்துதான் 1818-இல் அதைத் தொடங்கினர். சாதி, மதம் பாராமல் மாணவரைச் சேர்த்தனர், சமஸ்கிருதமும் கற்பித்தனர். 1827-இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக், பட்டம் வழங்கும் உரிமைப் பட்டயம் அளித்தார். 1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. உரிமை மட்டும் போகவில்லை.

ஆனால் முதல் இறையியல் பட்டம் கொடுத்தது 1915-இல். இடையில் 88 ஆண்டுகள்! இதை ஒரு வரியில் தாண்டிப் போவது வரலாறாகுமா? நான் வியாபாரி. லைசென்ஸைப் பெட்டியில் பூட்டி வைத்தால் கடை நடக்குமா என்றுதான் கேட்பேன். 1830-களில் கல்கத்தா ஏஜென்சி கம்பெனிகள் நொடித்தபோது கேரி குழுவினரும் பணம் இழந்தனர். 1857-இல் கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பழைய பட்டயத்துக்கு உயிர் கொடுத்தவர் முதல்வர் ஜார்ஜ் ஹவெல்ஸ். 1918-இல் வங்காள அரசின் சட்டமும் வந்தது. இன்று மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாணவரும் செராம்பூர்ப் பட்டமே பெறுகின்றனர்.

பட்டயம் தந்தவர் அரசர். அதற்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் பின்வந்த ஆசிரியர்கள். அவர்களுக்கும் நூலில் ஓர் அத்தியாயம் வேண்டாமா?