வில்லைப் பிடித்த கை ஏன் நடுங்குகிறது?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜோங் சு இரண்டு பதக்கங்கள் வென்றார். 50 மீட்டர் பிஸ்டலில் வெள்ளி, 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம். சில நாட்களிலேயே இரண்டும் பறிபோயின. பரிசோதனையில் சிக்கியது புரொப்ரனலால். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் மாத்திரை அது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும், கை நடுக்கத்தைக் குறைக்கும். விரல் அசையாமல் விசையை இழுக்க வேண்டிய விளையாட்டில் அதை அனுமதிக்க முடியாது.

இசை மேடையில் அந்த மாத்திரைக்குத் தடை இல்லை. 1987இல் அமெரிக்காவின் பெரிய சிம்பொனி இசைக்குழுக்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 2,212 கலைஞர்கள் பதில் சொன்னார்கள். புரொப்ரனலால் வகை மாத்திரையைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டவர்கள் 27 விழுக்காடு. வாசிப்பைக் கடுமையாகப் பாதிக்கும் உடல் உபாதை ஒன்றாவது உண்டு என்றவர்கள் 76 விழுக்காடு. கிரிக்கெட் அணியில் பதினொரு பேரில் எட்டுப் பேர் காயத்தோடு ஆடினால் பயிற்சியாளரின் வேலை மறுநாளே போய்விடும். இசையில் மட்டும் அதைத் தொழிலோடு கூட வரும் நோவு என்று பேசாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

அந்த இரண்டு எண்களுக்கும் உறவு உண்டு என்பது என் கட்சி. உடம்பை இறுக்கிக்கொண்டு வாசிப்பவரை மேடைப் பயம் சீக்கிரம் பிடிக்கிறது. பயம் பிடித்தபின் உடம்பு மேலும் இறுகுகிறது. மருத்துவர் சொல்லி மாத்திரை எடுப்பவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த மாத்திரை தேவைப்படும் நிலைக்குப் பலரைக் கொண்டுவந்து விடுவது, தந்தி வாத்தியத்தோடு எப்படி உட்காருவது, எதை நினைத்துக்கொண்டு வாசிப்பது என்ற இரண்டையும் யாரும் சொல்லித்தராமல் விட்டதுதான்.

முதலில் வயலின் வில்லைப் பார்ப்போம். வில்லில் கட்டிய குதிரை முடி, ரோசின் பூச்சின் உதவியால் தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் தந்தி நழுவித் திரும்புகிறது. மறுபடி முடி அதைப் பற்றுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்தப் பற்றலும் நழுவலும்தான் நாம் கேட்கும் நாதம். அழுத்தம் குறைந்தால் ஓசை மேலோட்டமாகக் கீச்சிடும், கூடினால் கரகரக்கும். நல்ல ஓசை பிறக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை ஆய்வாளர் ஜான் ஷெல்லெங் 1973இல் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். வில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை நெருங்க நெருங்க அந்த இடைவெளி குறுகிக்கொண்டே போகும். ஓசை பளிச்சென்று எழும் இடமும் அதுதான், கை கொஞ்சம் பிசகினாலும் குட்டு வெளிப்படும் இடமும் அதுதான்.

வில்லின் எடை சுமார் 60 கிராம். மிச்ச பாரம் கையிலிருந்து வர வேண்டும். தோள் தளர்ந்திருந்தால் கையின் பாரம் தானாக வில்லில் இறங்கும். தோளைத் தூக்கி வைத்தவருக்கு அந்தப் பாரம் தோளிலேயே தங்கிவிடும். அதை ஈடுகட்ட ஆள்காட்டி விரல் வில்லை அமுக்கும், கட்டைவிரல் எதிர்த்து நெருக்கும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். அப்புறம் வில் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முட்டல் கேட்கும். ஆலாபனையின் தொடக்கத்தில் நீண்ட ஷட்ஜம் ஒன்றை மெல்ல இழுக்கும்போது வில் துள்ளுவதும் இப்படித்தான். பயம் நடுக்கத்தைத் தொடங்கி வைக்கிறது, இறுகிய கை அதைத் தந்தி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

வயலின் மேதை யெஹுதி மெனுஹினின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1916இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1929 ஏப்ரலில், பதின்மூன்று வயது நிரம்பச் சில நாட்கள் இருக்கையில், பெர்லினில் புருனோ வால்ட்டர் நடத்திய இசைக்குழுவோடு பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கான்செர்ட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்தார். 1932இல் ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் தாமே இசைக்குழுவை நடத்த, அவருடைய கான்செர்ட்டோவை இசைத்தட்டில் பதிந்தார். அப்போது வயது பதினாறு.

ஆனால் அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கே தெரியாது. பத்து வயதில் பெல்ஜியத்து வயலின் மேதை யூஜென் இசாயின் முன் பிரெஞ்சு இசையமைப்பாளர் லாலோவின் படைப்பொன்றைப் பிரமாதமாக வாசித்திருக்கிறார். முடிந்ததும் இசாய், ஏ மேஜர் ஆர்பெஜியோவை நான்கு ஸ்தாயிகளில் வாசித்துக் காட்டச் சொன்னார். சிறுவன் விரல் வைக்க இடம் தெரியாமல் தடுமாறினான். ஸ்வர வரிசைகளைச் சாதகம் செய் என்று சொல்லி அனுப்பினார் பெரியவர். நம் கணக்கில் சரளி வரிசையைத் தாண்டிக் குதித்து நேரே ராகம் தானம் பல்லவிக்கு வந்துவிட்ட பிள்ளை. இதையெல்லாம் மெனுஹின் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். ஓய்வில்லாத பயணம், கிடைத்த மேடை, கிடைத்த நேரம். போர் முடிந்தபோது கையில் பழைய சுலபம் இல்லை. தானாக வந்தது ஒருநாள் வராமல் போனால் எதைத் திருத்துவது? எந்தத் தசை, எந்த மூட்டு, எந்த நினைப்பு? தெரிந்து கற்றவருக்கே அதற்குப் பதில் சொல்ல முடியும். முப்பது வயதைத் தாண்டியபின், உலகமே கேட்டுக்கொண்டிருக்க, அவர் அடிப்படையைத் தேடத் தொடங்கினார்.

1951இல் நியூசிலாந்தில் ஒரு சிகிச்சையாளரின் காத்திருப்பு அறையில் யோகம் பற்றிய சிறு புத்தகம் கண்ணில் பட்டது. மறு ஆண்டு இந்தியா வந்தார். டெல்லியில் நேருவின் முன் தலைகீழாக நின்று காட்ட, நேரு தாமும் நின்று காட்டினார். பம்பாயில் யோகாசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்தார். ஐந்து நிமிடம் என்று ஒதுக்கிய சந்திப்பு மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. ஐயங்கார் முதலில் செய்தது, களைத்துக் கிடந்த மனிதரைப் படுக்க வைத்து ஓய்வு கொடுத்தது. மெனுஹின் தூங்கியே போய்விட்டாராம். 1954இல் ஐயங்காரை சுவிட்சர்லாந்துக்கு வரவழைத்து ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார். அதில் ஐயங்காரைத் தம்முடைய மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் என்று பொறித்திருந்தார். ஐயங்கார் வயலின் வாசிப்பவர் அல்லர். மார்பெலும்பு எப்படி உயர வேண்டும், தோள்பட்டை எங்கே இறங்க வேண்டும், மூச்சு எங்கே தங்குகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தவர்.

பழைய கை முழுவதும் திரும்பியதா? இல்லை என்பதே என் தீர்ப்பு. 1932 எல்கர் பதிவையும், ஐம்பதுகளுக்குப் பிந்தைய பதிவுகள் சிலவற்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வலக்கையின் உறுதியில் வித்தியாசம் தெரியும். இருந்தும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர் மேடையில் நின்றார். 1963இல் இங்கிலாந்தில் குழந்தைகளுக்கென ஓர் இசைப் பள்ளி தொடங்கினார். 1971இல் வயலின் பாடங்களைப் புத்தகமாக்கினார். பாதியில் பழுது பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று பட்டு அறிந்தவர் போய்ச் சேர்ந்த இடம் குழந்தைகள் பள்ளியாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

இனி நம் பக்கம். வயலினை யார் சுமப்பது என்பது பழைய பிரச்சினை. ஐரோப்பாவில் 1820 வாக்கில் ஜெர்மன் வயலின் கலைஞர் லூயி ஸ்போர் தாடைத் தாங்கியைக் கொண்டுவந்தார். தாடையும் தோளும் பிடித்துக்கொள்ள, இடக்கைக்கு விடுதலை. அதற்கு முன்பே இங்கே முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலியில் இருந்தபோது ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் வயலின் கற்றிருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். அவர்களுக்குப் பின் வளர்ந்த மரபில் வயலின் தரைக்கு இறங்கியது. சம்மணமிட்டு, வலது பாதத்தைச் சற்றே முன்னால் தள்ளி, வயலினின் சுருள் தலையைக் கணுக்கால் பக்கம் வைத்து, மறுமுனையை இடது மார்பிலும் தோளிலும் சாத்திக்கொள்ளும் முறை.

கமகத்துக்கு இதைவிடச் சிறந்த பிடி உலகில் இல்லை என்பேன். பாதமும் மார்பும் வாத்தியத்தைத் தாங்குகின்றன. கழுத்துக்கு வேலை இல்லை. இடக்கை எதையும் சுமக்காமல் மேலும் கீழும் சறுக்கலாம். பரூர் பாணியில் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் விரலை ஒரே தந்தியில் ஓட்டிய வேகம், லால்குடி ஜெயராமன் பாட்டின் ஒவ்வொரு நெளிவையும் வயலினில் பேசவைத்த நயம், இரண்டுக்கும் பின்னால் இந்தச் சுதந்திரம் இருக்கிறது. பழைய ஒளிப்பதிவுகளில் விரல்களைப் பார்ப்பதை ஒருமுறை விட்டுவிட்டு இவர்களுடைய தோளையும் தாடையையும் மட்டும் கவனித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த இருக்கைக்கும் விலை உண்டு. இடுப்பு இறுகியவர்கள் சம்மணமிட்டால் முழங்கால்கள் இடுப்பைவிட மேலே நிற்கும். அப்போது கீழ்முதுகு பின்னால் சரியும், மார்பு உள்ளே விழும். மார்பு விழுந்தால் வயலினுக்குச் சாத்துமிடம் போய்விடும். உடனே இடக்கைக் கட்டைவிரல் சுமைதூக்கியாக மாறி வயலினின் கழுத்தை நெருக்கும். தந்தியில் சறுக்கி ஜாரு இழுக்கும்போது விரல் தயங்குவதற்கு விரலைத் திட்டிப் பயனில்லை, கோளாறு இடுப்பில் இருக்கிறது. மடித்த ஜமக்காளத்தையோ தட்டையான திண்டையோ பின்பக்கத்துக்கு அடியில் வைத்து இடுப்பை முழங்காலுக்கு மேலே கொண்டுவந்தால் முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்து உட்கார் என்று ஆயிரம் முறை அதட்டுவதைவிட இது வேலை செய்யும். அதட்டலுக்கு நிமிரும் பிள்ளை முதுகை விறைத்துக்கொள்ளும், ஐந்தே நிமிடத்தில் பழையபடி தொங்கும்.

பக்கவாத்தியக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. பாடுபவரின் இடப்புறம் அமரும் வயலின்காரர், அவர் முகத்தைப் பார்க்க இரண்டரை மணி நேரமும் கழுத்தை வலப்பக்கம் திருப்பியே வைத்திருக்கிறார். டிசம்பர் சீசனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி வாசிப்பவரின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். கழுத்தைத் திருப்புவதற்குப் பதில் ஆசனத்தையே பாடுபவர் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்காரலாம். மைக் வைப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் என்பது வயலின்காரரின் உடம்புக்குக் கிடைக்கும் இடைவேளை. வயலினை மடியில் சாய்த்து, மரத்துப்போன பாதத்தை அசைத்து, தோளை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வதில் மேடை மரியாதை ஒன்றும் கெட்டுவிடாது.

மனத்துக்கு வருவோம். கேட்டோ ஹவாஷ் என்ற ஹங்கேரிய ஆசிரியை 1973இல் மேடைப் பயத்தைப் பற்றியே, அதுவும் வயலினை முன்வைத்தே, ஒரு புத்தகம் எழுதினார். மறு ஆண்டு டிமோத்தி கால்வே டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்காக, தன்னைத் தானே அதட்டிக்கொண்டே ஆடும் மனத்தைப் பற்றி எழுதினார். 1986இல் டபுள் பாஸ் கலைஞர் பாரி கிரீன் கால்வேயின் வழியை இசைக்குக் கொண்டுவந்தார். மூவரும் தொட்ட நோய் ஒன்றே. வாசித்துக்கொண்டிருக்கும்போதே, இது சரியாக வந்ததா, முன்வரிசையில் இருப்பவர் என்ன நினைப்பார், அடுத்த சங்கதி வருமா என்று உள்ளே ஓடும் விசாரணை.

விளையாட்டு ஆய்வில் இதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. காப்ரியேல் வுல்ஃபும் அவருடைய கூட்டாளிகளும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் சோதனை செய்தார்கள். தம் பாதங்களைக் கவனித்தபடி பழகியவர்களைவிட, காலுக்கு அடியில் இருந்த கருவியின் சக்கரங்களைக் கவனித்துப் பழகியவர்கள் நன்றாகக் கற்றார்கள். கவனம் உடம்பிலிருந்து அது செய்யும் காரியத்துக்கு நகர்ந்ததும் அசைவு சீரானது. வயலின்காரருக்கு அந்தக் காரியம் நாதம். சாதகத்தின்போது தோளையும் கட்டைவிரலையும் கண்ணாடியில் பார்த்துத் திருத்துங்கள். மேடையில் ஏறியபின் தம்பூராவோடு உங்கள் ஷட்ஜம் எப்படிச் சேர்கிறது என்பதில் காதை வையுங்கள். இந்த இரண்டு நேரத்தையும் குழப்பிக்கொண்டு, மேடையில் உட்கார்ந்து விரலை மேற்பார்வை பார்ப்பவர்தான் பாதி வழியில் நடுங்குகிறார்.

பக்கவாத்தியம் இதற்கு அருமையான பயிற்சிக்களம். பாடுபவர் அடுத்து என்ன பாடுவார் என்று தெரியாது. கல்பனாஸ்வரத்தில் அவர் வீசியதை அடுத்த கணமே திருப்பித் தர வேண்டும். தன்னைப் பற்றி யோசிக்க அங்கே நேரமில்லை, முழுக்கவனமும் இன்னொருவரின் குரலில் இருக்கிறது. நல்ல பக்கவாத்தியக்காரர்கள் தனிக்கச்சேரியிலும் பதறாமல் இருப்பதற்கு அந்தக் கேட்கும் பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு சங்கதி தவறிப்போனால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆவர்த்தனத்துக்குள் போகவும் அங்கே வழியில்லை.

மூச்சையும் கவனியுங்கள். கடினமான இடத்தில் பெரும்பாலோர் மூச்சை அடக்குகிறார்கள், கூடவே தாடையும் இறுகுகிறது. வில்லை எடுக்குமுன் ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டுத் தொடங்கினால் தோள் கீழே இறங்கிவிடும். வீட்டில் நாலு பேரை உட்காரவைத்து, கச்சேரி உடையில், நிறுத்தாமல் வாசித்துப் பழகுவதும் உதவும். அழுத்தத்தில் பழகாத கை அழுத்தத்தில் வேலை செய்யும் என்று எந்தப் பயிற்சியாளரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆசிரியர்களே, முதல் ஆண்டில் வர்ணத்துக்கு அவசரப்படாதீர்கள். பாட அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டுங்கள், குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற அளவு வயலினையே கொடுங்கள். இசைக் கல்லூரிகள் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரையும் பிசியோதெரபி மருத்துவர் ஒருவரையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரட்டும். சபாக்காரர்கள் மேடைக்குப் பின்னால் கலைஞர்கள் கைகால் நீட்டிக்கொள்ள ஓர் இடம் ஒதுக்கட்டும். பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை கை வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்று சொன்னால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குச் சாதகத்தை நிறுத்துங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், வலி போகவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.