யாழ் நூல்: ஏடும் விரலும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்கும் மாணவன் யாழாசிரியனின் இலக்கணம் வரும் இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறான். திரிங்காப் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாயினும் தஞ்சைப் பிள்ளையாயினும், யாழ் என்றதும் அவன் மனக்கண்ணில் தோன்றுவது கலைமகள் கையிலுள்ள வீணையே. இத்தயக்கத்தைப் போக்க எழுந்த பெருநூல், விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்'.

கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக அது 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகள் தமிழ்ப் பேராசிரியர். அறிவியலில் பட்டம் பெற்றவருமாவார். அவ்விரு புலமையும் நூலில் ஒன்றாகக் கலந்துள்ளன. குரலுக்கு 4, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3 என ஏழு நரம்புகளுக்கும் உரையாசிரியர் வகுத்த 22 அலகுகளை அடிகள் கணக்கிட்டு, பாலைகள் திரியும் முறையை நிறுவுகிறார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றை வேறுபடுத்தி, வீணை வேறு, யாழ் வேறு என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகிறார். தமிழிசை ஆராய்ச்சியில் இதற்கு நிகரான நூல் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917) ஒன்றே எனலாம்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. நரம்பின் அளவைக் கணக்குத் தரும். அந்நரம்பைத் தொடும் விரலின் பழக்கத்தைத் தராது. அடிகள் 1947 சூலை 19ஆம் நாள் மறைந்தார். நூல் அரங்கேறி இரண்டு திங்கள்கூட நிறைவுறவில்லை. பிழை கண்டால் திருத்தவும், மாணவரைப் பயிற்றவும் காலம் இடங்கொடுக்கவில்லை. நூல் நமக்குக் கிடைத்தது; யாழாசிரியன் கிடைத்திலன்.

பழைய வரலாறு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. தில்லையில் பூட்டிய அறையிலிருந்து தேவார ஏடுகள் வெளிப்பட்டபின், பண்ணறிய வேண்டி இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் ஏட்டைப் புரட்டவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை நாடினர் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். சொல் ஏட்டில் இருந்தது. இசையோ ஆளிடம் இருந்தது.

கொரியர் செய்ததும் இதுவே. அடிமையாட்சியும் போரும் நலிவித்த தம் இசையைக் காக்க அந்நாடு 1962இல் சட்டம் இயற்றியது. அச்சட்டம் கருவியை மட்டும் காட்சிக்கூடத்தில் வைக்கவில்லை. இசை வல்லாரையே மரபுச் செல்வமாக ஏற்றது; உதவித்தொகை வழங்கி, மாணவரைப் பயிற்றுவதை அவர்தம் கடமையாக்கியது. 'பன்சோரி' என்னும் கதைப்பாட்டு இவ்வாறே அடுத்த தலைமுறையை அடைந்தது. உழவர் வெளிகளில் ஆடியவாறு முழக்கிய தாளக் கருவிகள் நான்கினை 1978இல் அரங்கேற்றிய 'சமுல்நோரி' குழுவினர், அமர்ந்து வாசிக்கும் புதுமுறையைக் கண்டனர். ஆட்டத்தில் சிறிது குறைந்தது உண்மை. ஆயினும் கேட்டறிந்தோர் வழிவந்த புதுமை அது.

நமக்கு அத்தகைய தொடர்ச்சி யாழில் இல்லை. அண்மையில் சென்னையில் தருண் சேகர் என்னும் இளைஞர் யாழை மீண்டும் உருவாக்கி ஒலிக்கச் செய்துள்ளார். போற்றத்தக்க முயற்சி. ஆனால் அது புதிய யாழ். சகோடயாழின் ஒலி அதுவே என வகுப்பறையில் கூறிவிடுதல் தகாது.

தொடர்ச்சி அறாத இடம் வேறொன்று உண்டு. ஓதுவார் மரபில் பண் இன்றும் வாய்வழியாகவே கற்பிக்கப்படுகிறது. இடையில் மாறுதல் நேர்ந்திருப்பினும் மூச்சு நிற்கவில்லை. மலேசியாவில் ஆண்டுதோறும் திருமுறை ஓதும் போட்டிகள் நடைபெறுகின்றன. அங்குத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி காந்தாரப் பண்ணில் ஒரு பதிகம் பாடுகிறாள். அவள் அதனை ஒலிப்பதிவிலிருந்து கற்றாளா, ஓர் ஆசிரியர் எதிரே அமர்ந்து கற்றாளா என்று நடுவர் எவரும் வினவுவதில்லை.