கிரேக்க வீர வழிபாடும் இக்கால மீட்பும்

கிரேக்க மொழியில் 'ஹீரோஸ்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. போர்க்களத்தில் மேம்பட்டவன் என்பது ஒன்று. இறந்தபின் கல்லறையில் படையல் பெறுபவன் என்பது மற்றொன்று. ஹோமரின் காவியங்களில் முதற்பொருளே பெருவழக்கு. ஊர்தோறும் நிகழ்ந்த வழிபாட்டில் இரண்டாவது பொருளே உயிர்பெற்று நின்றது. பழங்கிரேக்கச் சமயத்தை இன்று மீண்டும் கைக்கொண்டிருப்போரின் வீர வழிபாட்டை மதிப்பிடுவதற்கு இவ்வேறுபாட்டைக் காட்டிலும் சிறந்த அளவுகோல் இல்லை.

உரோமப் பேரரசன் தியோடோசியஸ் 391, 392ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகள் பழைய பலிகளைத் தடைசெய்தன. வழிவழி வந்த வழிபாடு காலப்போக்கில் அற்றுப்போயிற்று. அதனை மீட்க முற்பட்டோர் 1997இல் கிரேக்க நாட்டில் ஓர் உயர் மன்றம் கண்டனர். அமெரிக்காவில் 2001இல் 'ஹெலனியோன்' என்னும் அமைப்பு தோன்றியது. 2007 சனவரியில் ஏதென்ஸ் நகரின் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாடுகளிடையே வழிபாடு நடைபெற்றது. 2017இல் கிரேக்க அரசு இச்சமயத்தை அறியப்பட்ட சமயங்களுள் ஒன்றாக ஏற்றது. எனவே, இதனைச் சிலரின் பொழுதுபோக்கென ஒதுக்குதல் முறையன்று. சமயம் என்றே கொண்டு ஆராய்தல் வேண்டும்.

இவர்தம் வழிபாட்டில் தெய்வங்களுக்கு அடுத்த நிலையில் வீரர் போற்றப்படுகின்றனர். இவ்வரிசைக்குப் பழைய சான்று உண்டு. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் தெய்வங்கள், அணங்குகள், வீரர், குடும்ப முன்னோர்க்குரிய தெய்வங்கள் என்னும் முறையை வகுத்துள்ளார். மாதத்தின் முதல்நாள் தெய்வங்களுக்கும் இரண்டாம்நாள் வீரர்க்கும் உரியவை என்றும், விருந்தில் கலக்கும் இரண்டாம் கலத்துத் தேறல் வீரர்க்கும் வீர மகளிர்க்கும் உரியது என்றும் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். உணவு மேசையினின்று கீழே விழுந்தவை வீரர்க்கு உரியவை என்ற நம்பிக்கையும் இருந்தது. வீட்டில் சிறு பீடம் அமைத்துத் தேறலும் தேனும் பாலும் சொரியும் இக்கால அடியார், இந்த அளவில் முன்னோர் நெறியினின்று வழுவினர் அல்லர்.

வழு வேறோரிடத்தில் உள்ளது. இக்கால அடியார் பலர் தாம் போற்றும் வீரரைக் கதைநூல்களிலிருந்து தேர்ந்துகொள்கின்றனர். அகிலீஸின் ஆற்றல், ஒடிசியஸின் அறிவு, ஹெராக்கிளிஸின் உழைப்பு என ஒவ்வொரு பண்பிற்கும் ஒருவரை எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றனர். கதையால் அறியப்பட்டவரும் பண்பால் சிறந்தவருமே வீரர் என்பது இதன் உட்கோள். பழைய சான்றுகள் இவ்விரண்டையும் மறுக்கின்றன.

முதலாவது, கதையே இல்லாத வீரர் பலர் இருந்தனர். ஏதென்ஸ் நாட்டுப்புறத்து எர்க்கியா என்னும் ஊரில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு நாட்காட்டி ஒன்று, வீர மகளிர்க்கு இடவேண்டிய பலியை நாளும் இடமும் விலையும் சுட்டிக் கூறுகிறது. அம்மகளிரின் பெயரை மட்டும் அது கூறவில்லை. ஏதென்ஸில் நோய் தீர்க்கும் 'மருத்துவ வீரன்' ஒருவன் வழிபடப்பட்டான். அத்தொழிற்பெயரே வழிபாட்டில் அவனுக்குப் பெயராக நின்றது. இத்தகையோர்க்குக் காவியம் இல்லை. கல்லறையும் ஊராரின் வேண்டுதலுமே இருந்தன. கதைநூல் ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டவர்க்கு இவர்கள் கண்ணிற் படுவதில்லை.

இரண்டாவது, வீரர் என்போர் ஒழுக்கத்திற்கு முன்மாதிரிகளாகக் கருதப்பட்டிலர். ஆஸ்டிபாலேயா தீவினனாகிய கிளியோமிடிஸ் என்னும் குத்துச்சண்டைக்காரனின் வரலாற்றைப் பௌசேனியஸ் எழுதிவைத்துள்ளார். கி.மு. 492ஆம் ஆண்டின் ஒலிம்பியப் போட்டியில் எதிராளியைக் கொன்றமையால் அவனுக்கு வெற்றி மறுக்கப்பட்டது. அறிவு திரிந்து ஊர் திரும்பிய அவன் ஒரு பள்ளியின் தூணைச் சாய்த்தான்; கூரை வீழ்ந்தது; உள்ளே ஏறத்தாழ 60 சிறுவர் இருந்தனர். ஊரார் கல்லெறிந்து துரத்த, ஆதீனாவின் கோயிலில் இருந்த பேழைக்குள் புகுந்து மறைந்தான். பேழையை உடைத்தபோது அவன் அதில் இல்லை. டெல்ஃபியின் அருள்வாக்கோ அவனை வீரருள் இறுதியானவன் எனக் கூறி, அவனுக்குப் பலியிடுமாறு பணித்தது. சிறுவரைக் கொன்றவனை எப்பண்பிற்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவது? அவனுக்கு இட்ட பலி புகழுரை அன்று. இறந்தும் அடங்காத ஆற்றலை ஊரோடு இணக்கப்படுத்தும் முயற்சி. அச்சமும் நன்றியும் கலந்த இவ்வுணர்வை நீக்கிவிட்டுப் பாராட்டை மட்டும் வைத்துக்கொள்வது, வழிபாட்டைப் பாடநூலாக்குவதே ஆகும்.

மூன்றாவது, வீரன் ஓரிடத்திற்கு உரியவன். டெஜியாவுடன் செய்த போர்களில் தோல்வியே கண்ட ஸ்பார்ட்டர், அருள்வாக்கின்படி ஓரெஸ்டீஸின் எலும்புகளைத் தேடினர். அவை ஒரு கொல்லனின் பட்டறை நிலத்தில் ஏழு முழப் பேழையில் கிடைத்தன என்றும், அவற்றைக் கொணர்ந்த பின்னர் வெற்றி அவர் பக்கலாயிற்று என்றும் ஹெரோடோட்டஸ் கூறுகிறார். சைமன் என்னும் ஏதென்ஸ் தளபதி தீசியஸின் எலும்புகள் எனப்பட்டவற்றை ஸ்கைரோஸ் தீவினின்று கொணர்ந்து நகர் நடுவே வைத்தான். அவ்விடம் அடிமைகளுக்கும் வலியோர்க்கு அஞ்சிய எளியோர்க்கும் புகலிடமாயிற்று என்பது புளூட்டார்க்கின் செய்தி. இங்கே வீரன் காப்பது தன் எலும்பு கிடக்கும் நிலத்தை. ஏட்டிலிருந்து தேர்ந்தெடுத்த வீரனுக்கு அத்தகைய நிலம் இல்லை.

சடங்கிலும் ஒரு திருத்தம் வேண்டும். தெய்வத்திற்கு இட்டதை உண்ணலாம், வீரனுக்கு இட்டதை உண்ணலாகாது, முழுதும் எரித்தோ சொரிந்தோ விடவேண்டும் எனப் பழைய ஆராய்ச்சி நூல்கள் வரையறுத்தன. அவற்றைப் பின்பற்றி அவ்வாறே செய்யும் அடியார் இன்றும் உளர். ஆனால் குன்னெல் எக்ரோத் என்னும் அறிஞர் கல்வெட்டுகளையும் இலக்கியங்களையும் ஒருங்கே ஆய்ந்து 2002இல் வெளியிட்ட நூல், வீரர்க்கு இட்ட பலியைக் கூடியுண்பதே பெருவழக்கு என்றும், முழுதும் எரித்தல் அருகிய வழக்கு என்றும் நிறுவியது. ஊரார் கூடியுண்ட விழாவைத் தனியொருவர் இருளிற் செய்யும் துயரச் சடங்காக மாற்றியது பழமை அன்று; பிற்கால ஆராய்ச்சியாளரின் கருத்தே.

எனினும், 'ஏட்டைக் கண்டு எழுந்த வழிபாடு போலி' என்று முடிவுகட்டுதலும் பொருந்தாது. பழங்கிரேக்கரே இவ்வழியிற் சென்றவர்தாம். ஸ்பார்ட்டாவுக்கு அண்மையில், யூரோட்டஸ் ஆற்றை நோக்கிய குன்றின்மீது மெனிலாஸும் ஹெலனும் வழிபடப்பட்டனர். அவ்வழிபாடு ஏறத்தாழ கி.மு. 700 அளவில் தொடங்கியது. அருகே இருந்த பழைய மாளிகை அழிந்து அதற்குள் பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. இடையறாத மரபு அங்கே இல்லை. பழம்பாடல்களும் பழைய இடிபாடுகளும் சேர்ந்தே அவ்வழிபாட்டைத் தூண்டியிருத்தல் கூடும். பாட்டினால் தூண்டப்பட்டது என்பது குற்றமாயின், அக்குற்றம் ஸ்பார்ட்டரையும் சாரும். ஆயினும், பாட்டைக் கேட்டவர்கள் அதனை ஒரு குன்றோடு பிணைத்தனர். தலைமுறை தலைமுறையாக ஊர் கூடிப் படையல் இட்டனர். பாடல் வித்தாயிற்று, ஊர் நிலமாயிற்று.

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. தமிழ் வீரப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டுக் கைலாசபதி எழுதிய ஆங்கில ஆய்வுநூல் 1968இல் வெளிவந்தது. ஒப்பீட்டைப் பாடலளவில் நிறுத்தாது வழிபாட்டிற்கும் கொண்டுசெல்வார், ஒரு வேறுபாட்டை உளங்கொள்ள வேண்டும். வீரனுக்குக் கல்நடும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த பழந்தமிழ் எழுத்து நடுகற்கள் அம்மரபின் தொன்மையைக் காட்டுகின்றன. ஹோமரோ வீர வழிபாட்டைப் பற்றி ஏறத்தாழ வாய்திறப்பதில்லை. ஏதென்ஸில் எரெக்தியஸ் பெறும் பலி போன்ற சில குறிப்புகளே அவர் நூலில் உள. ஆகவே இலியட்டை மட்டும் கற்றுக் கிரேக்கரின் வீர வழிபாட்டை அறிந்ததாகக் கொள்வது பிழை. நூல் பேசாத இடத்தில் கல் பேசும். இரண்டையும் ஒருங்கு கேட்பதே ஆராய்ச்சி.

அங்ஙனமாயின், கிரேக்க நாட்டிற்கு அப்பால் வாழும் இக்கால அடியார் செய்யத்தக்கது யாது? விடை பழைய வரலாற்றிலேயே உள்ளது. கிரேக்கர் தம் வீரரின் பட்டியலை ஒருபோதும் மூடிவிட்டாரல்லர். புதிய நகர் நிறுவியவனை அந்நகர் நடுவே அடக்கம் செய்து வீரனாகப் போற்றினர். கி.மு. 422இல் ஆம்ஃபிபோலிஸ் நகரைக் காத்து மடிந்த பிராசிடாஸ் என்னும் ஸ்பார்ட்டனை, அந்நகரத்தார் ஆண்டுதோறும் விளையாட்டுகளோடும் பலியோடும் வழிபட்டனர் எனத் துசிடிடீஸ் எழுதியுள்ளார். அவன் கதைமாந்தன் அல்லன். அவர்கள் கண்முன் வாழ்ந்து, அவர்கள் மண்ணில் மறைந்தவன். இம்மரபை மீட்க விழைவோர் பழம்பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பட்டியலே கிடைக்கும். தம் ஊரைக் காத்து மறைந்தவரின் கல்லறைக்குச் சென்று, அயலாரோடு கூடிப் படைத்து, பகிர்ந்து உண்பாராயின் நெறியே கிடைக்கும். அகிலீஸுக்கு வீட்டிற் சொரியும் தேறல் வீண் என்று கூறவேண்டுவதில்லை. ஆயினும், அருகில் உள்ள கல்லறைக்கு ஒருநாளும் செல்லாதவர் சொரியும் தேறல், பழங்கிரேக்கர் அறிந்த வீர வழிபாடு ஆகாது.