குழந்தைமைச் சான்றுரையில் இரு குரல்கள்: ரூத் க்ளூகரின் தன்வரலாறு

நாசி ஆட்சியில் சிறுவராக இருந்து உயிர்பிழைத்த யூதர்களின் சான்றுரைகள் பெரும்பாலும் வரலாற்று ஆவணமாகவோ இரக்கத்தைத் தூண்டும் கதையாகவோ படிக்கப்படுகின்றன. இவ்விரு வாசிப்புக்கும் எளிதில் இடங்கொடாத நூல், 1992இல் செருமானிய மொழியில் வெளிவந்த ரூத் க்ளூகரின் தன்வரலாறு. இதில் பேசுபவர் சிறுமியா, அறுபது வயதை எட்டிய இலக்கியப் பேராசிரியரா என்பதே திறனாய்வாளர் எழுப்பவேண்டிய முதல் வினா.

1931இல் வியன்னாவில் பிறந்த க்ளூகர், 1942இல் தாயுடன் தெரேசியன்ஸ்டாட்டுக்கும், 1944இல் அவுஷ்விட்ஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். அங்கு உழைப்பு முகாமுக்குப் பெண்களைத் தெரிவுசெய்தபோது, வயது 12 என்று உண்மையைக் கூறியதால் விலக்கப்பட்டார். தாயின் வற்புறுத்தலால் மீண்டும் வேறொரு வரிசையில் நின்றார். பதிவெழுதும் பணியிலிருந்த இளம்பெண் கைதி ஒருத்தி, 15 எனக் கூறுமாறு சிறுமிக்கு உணர்த்தி, அதிகாரியிடமும் பரிந்து பேசினாள். சிறுமி பிழைத்தாள்.

நிகழ்ச்சி இவ்வளவே. ஆயின் க்ளூகர் கதையோட்டத்தை நிறுத்தி வாதிடத் தொடங்குகிறார். முன்பின் அறியாத ஒருத்தி, எப்பயனும் கருதாது, தன்னை இடருக்கு உள்ளாக்கிச் செய்த அச்செயல், நன்மைக்கே இடமில்லாதவாறு அமைக்கப்பட்ட ஓரிடத்தில் மனிதர் தாமாகத் தேர்ந்த செயல் என்கிறார். நிகழ்ச்சி சிறுமிக்கு உரியது. பொருள்கோள் முதியவருக்கு உரியது. முதியவரின் அறிவைச் சிறுமியின் வாயில் ஏற்றாமையே இந்நூலின் நேர்மை.

இந்நேர்மை தாயிடத்தில் கடுமையாகிறது. மகளை மீண்டும் வரிசையில் நிற்கச் செய்தவர் தாயே. ஆயினும் நூல் வியந்து போற்றுவது அயலாளின் செயலையே. தாயிடம் கொண்ட பிணக்கோ நெடுகிலும் தொடர்கிறது. தாயின் மறுமொழிக்கு அங்கே இடமில்லை என்பதைக் குறையாகவே கொள்ளவேண்டும். க்ளூகரும் இதனை உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. தாய் உயிருடன் இருந்தவரை நூலை ஆங்கிலத்தில் வெளியிட அவர் விரும்பவில்லை. 2000இல் தாய் மறைந்தபின், 2001இல் வெளிவந்த ஆங்கில நூலை மொழிபெயர்ப்பாக அமைக்காமல் தாமே புதிதாக எழுதினார். சான்றுரை ஒருமுறை கூறி முடிப்பதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2020இல் க்ளூகரும் மறைந்தார். நேரில் கேட்டறியும் வாய்ப்பு அருகிவரும் இக்காலத்தில், இத்தகைய நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர், துன்பத்தை எடுத்துரைப்பதோடு அமையாது, எவ்வயதின் குரல் எவ்விடத்தில் பேசுகிறது என்று மாணவரைப் பிரித்தறியச் செய்தல் இன்றியமையாதது.