உலக நூலும் நிகழ்வு நூலும்: பாத்திரமேற்பு ஆட்டப் பதிப்பும் கெடாத் தோட்டப் புனைவும்

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தை ஆய்வுக்குரிய பொருளாக நம் துறையினர் பெரிதும் கருதியதில்லை. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. ஒருவர் நடத்துநராக இருந்து சூழலை எடுத்துரைப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் என் செய்யும் எனக் கூறுவர். விதி நூல் ஒருபுறமிருக்க, பதிப்பகத்தார் விற்பவை இருவகைப்படும். ஒரு கற்பனை நிலத்தின் வரைபடம், வரலாறு, மக்கள், தெய்வம், வணிகம் ஆகியவற்றை விரித்துரைப்பது உலக நூல். ஒரு சிக்கலையும் அதில் தொடர்புடைய மாந்தரையும் இடங்களையும் தந்து, அன்று மாலையே ஆடத்தக்கதாக அமைவது நிகழ்வு நூல். இவ்விரண்டில் எதனை வெளியிடுதல் தகும் என்பது ஆட்டக்காரரிடையே நெடுங்கால வழக்கு. அவ்வழக்கினுள் நம்மை இழுத்துவிட்டது ஒரு தட்டச்சுப் படி.

சுங்கைப்பட்டாணி, பாக்கார் ஆராங்கைச் சேர்ந்த இளைஞர் சிலர் கெடாத் தோட்ட வாழ்வை அடிப்படையாகக் கொண்டு தமிழில் ஓர் ஆட்ட நூல் எழுத முற்பட்டு, அதன் படியை நம் பார்வைக்கு அனுப்பியிருந்தனர். நூற்றிருபது பக்கம். கடாரத்தில் தொடங்கி, 1025ஆம் ஆண்டின் இராசேந்திர சோழன் படையெடுப்பு, பூஜாங் பள்ளத்தாக்கு, கங்காணி முறை, பெரட்டுக்களம், லயம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், கிராணியின் பேரேடு என ஒன்றும் விடுபடவில்லை. கரி சுடுதல் எனப் பொருள்படும் தம் ஊர்ப்பெயருக்கும் அவர்கள் அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தனர். உழைப்பைக் கண்டு வியந்தோம். ஆனால் அதனை ஆடிப் பார்க்க அமர்ந்த மாலையில் முக்கால் மணி நேரம் வாசிப்பிலேயே கழிந்தது. இறுதியில் ஒரு மாணவி, “சரிங்க சார், நாங்க இப்ப என்ன செய்யணும்?” என்றார். நடத்துநராக இருந்த நம்மிடம் விடையில்லை.

வணிக நோக்கில் உலக நூலின் பக்கமே வலுவானது என முதற்பார்வைக்குத் தோன்றும். நிகழ்வு நூலை ஐவருள் ஒருவரே வாங்குவார்; மற்றவர் படித்தால் ஆட்டம் கெடும்; ஒருமுறை ஆடியபின் அது அலமாரிக்குச் செல்லும். உலக நூலையோ அனைவரும் வாங்கலாம், ஆடாதவரும் படித்து மகிழலாம். எனினும் வரலாறு இத்தனை எளிதன்று. டி.எஸ்.ஆர். நிறுவனம் 1978இல் கேரி கைகாக்ஸ் எழுதிய அரக்கர் தொடர்பான மூன்று சிறு நிகழ்வு நூல்களை வெளியிட்டது; அவருடைய கிரேஹாக் நிலத்தின் உலக நூல் 1980இல்தான் வந்தது. பின்னர் 1987இல் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’, 1991இல் ‘டார்க் சன்’, 1994இல் ‘பிளேன்ஸ்கேப்’ என உலகங்கள் பெருகின. ஓர் உலகத்தின் வாசகர் மற்றோர் உலகத்தின் நூலை நாடாராயினர். 1997இல் அந்நிறுவனம் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்திடம் விற்கப்பட்டபோது, இப்பெருக்கமும் வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. மாறாக, 2007 முதல் பைசோ நிறுவனம் ‘பாத்ஃபைண்டர்’ என்னும் பெயரில் திங்கள்தோறும் தொடர் நிகழ்வு நூல்களை வெளியிட்டு நிலைபெற்றது. இதனைக் கொண்டு வழக்கைத் தீர்த்துவிடுதல் இயலாது. விற்பனை வேறு, ஒரு சமூகம் தன் நினைவை எவ்வடிவில் கைமாற்றித் தரவேண்டும் என்னும் வினா வேறு.

மலேசியாவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன்காவும் இணைந்து படைத்த ‘எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்’ வரிசை, தென்கிழக்காசிய மரபில் ஊன்றிய உலக நூல் வரிசை. எனினும் அவை கையடக்கச் சிற்றேடுகள். அதே செடெக் சியூ எழுதிய ‘லார்ன் சாங் ஆஃப் த பேச்சிலர்’ ஒரு நிகழ்வு நூல். ஓர் ஆறு, அதில் வாழும் முதலை, ஆற்றங்கரை மக்கள், அங்குவந்த அயல் வணிக நிறுவனம், இவ்வளவே. காலனிய வணிகம் ஓர் ஆற்றங்கரையை என்ன செய்யும் என்பதை விளக்க அந்நூலுக்குத் தனி அதிகாரம் தேவைப்படவில்லை. முதலையை என்ன செய்வது என முடிவெடுக்கப் புகும் ஆட்டக்காரர் அதனைத் தாமே கண்டுகொள்வர். 2022இல் வெளிவந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியண்ட் சிட்டடல்’ தொகுப்பு வேறொரு வழியைக் காட்டுகிறது. அதில் பதின்மூன்று நிகழ்வுகள் உள்ளன. வங்க எழுத்தாளர் மிமி மொண்டல் எழுதிய ‘இன் த மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’ அவற்றுள் ஒன்று. நிகழ்வு முதலில், அந்நிலம் பற்றிய சுருக்கக் குறிப்பு அதன் பின்.

தமிழ் மரபு இவ்வினாவை முன்பே எதிர்கொண்டிருக்கிறது. முதல், கரு, உரி எனத் தொல்காப்பியர் வகுத்த மூன்றனுள் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், பறை போல்வன கருப்பொருள். இவ்விரண்டும் சேர்ந்தால் உலக நூல் ஆயிற்று. உரிப்பொருளோ மாந்தர்க்கு நேர்வது. இம்மூன்றும் பாட்டினுள் பயிலுமிடத்து முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரையாளர் கொள்கை. ஒரு திணைக்குரிய முதலும் கருவும் பிறிதொன்றனோடு மயங்கலாம், உரிப்பொருள் மயங்காது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. புறத்திணையில் இது இன்னும் வெளிப்படை. வெட்சிக்குச் சொல்லப்படும் பதினான்கு துறைகளை நோக்குவோமாயின், படை புறப்படுதல், பாக்கத்தில் விரிச்சி கேட்டல், ஒற்றறிதல், ஊரைச் சூழ்தல், ஆநிரை கவர்தல், ஓட்டிவருதல், பாதீடு, உண்டாட்டு, கொடை என அது நிரலான நிகழ்வு நூலாகவே நிற்கிறது. குறிஞ்சியைக் குறித்துத் தனியே நிலநூல் எழுதிப் பின்னர்ப் பாடத் தொடங்கிய புலவர் எவருமிலர். யார், யாரிடம், எந்நிலையில் கூறினார் என்னும் துறைக்குறிப்பு ஒன்று போதுமாயிற்று.

இங்கு ஒரு தடை எழும். துறைக்குறிப்பு போதுமானதாக இருந்தது, கேட்போர் அந்நிலத்தை முன்பே அறிந்திருந்தமையால் அன்றோ? தோட்டத்துக் கூத்துக்கும் இது பொருந்தும். மதுரை வீரன் கதையை ஆடியவர் அவையோர்க்கு உலகை விளக்கவேண்டியதில்லை. இன்று பாக்கார் ஆராங்கின் தொழிற்பேட்டைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடையே வளரும் இளைஞர்க்கு நிரை என்பதும் மங்கு என்பதும் பாட்டியின் சொற்கள். உலகமே கைவிட்டுப் போனபின் நிகழ்வை மட்டும் தந்து என்ன பயன்? அவ்விளைஞர் நூற்றிருபது பக்கம் எழுதியது இவ்வச்சத்தினால்தான். அது நியாயமான அச்சம்.

அதற்கு விடையைச் சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் இருவரின் நாவல்களில் தேடினோம். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ (2006) கதைப்பின்னலைவிடத் தோட்டத்து வாழ்வையும் பேச்சையும் முன்னிறுத்துவது. நம் சொல்லாட்சியில் உலக நூலை நெருங்குவது. கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’ (2013), பகாங் மாநிலத்து நிலத்திட்டம் ஒன்றில் தொழிலாளர் கொத்தடிமைகளாக வைக்கப்பட்ட, 1983இல் வெளிச்சத்துக்கு வந்த உண்மை நிகழ்வைக் களமாகக் கொண்டது. மொழியின் செறிவில் முன்னதையே நாம் உயர்வாக மதிக்கிறோம். ஆனால் தோட்டம் அறியாத மாணவரிடம் இரண்டையும் தந்து படிக்கச் செய்தபோது, பின்னதைப் படித்தவரே வினாக்களோடு வந்தனர். அடையாள அட்டை இல்லாதவன் ஏன் ஓட இயலாது? கங்காணிக்கு ஏன் அஞ்சினார்கள்? தப்புவதற்கு வழி தேடும் வாசகனுக்கு வேலியின் உயரம் தேவையான செய்தியாகிறது.

ஆகவே படியைத் திருப்பி அனுப்பாமல், அதன் நாற்பதாம் பக்கத்தில் நான்கு வரியில் கடந்து சென்ற ஒரு செய்தியை எடுத்து நூலாக்குமாறு அவ்விளைஞரைக் கேட்டுக்கொண்டோம். பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில் 1946இல் ஏ. எம். சாமி முன்னின்று அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. 1947இன் தொடக்கத்தில் மறியல் காவல்துறையினருடன் மோதலாயிற்று. உயிரிழப்பும் கைதும் நேர்ந்தன. இதில் ஆட்டத்துக்கு வேண்டிய யாவும் உள. கடையை மூடவேண்டும் என்பது இலக்கு. கணவன் கூலியைக் குடித்துத் தீர்க்கும் மனைவி, குடியை விடமாட்டாத பால்வெட்டுக்காரன், இரு பக்கமும் பேசும் கிராணி, தம் ஆள்களை இழக்க விரும்பாத கங்காணி எனப் பாத்திரங்கள் தாமே எழுகின்றன. நாளை பெரட்டுக்கு எவரும் செல்லாதிருந்தால் என்ன ஆகும் என ஆட்டக்காரர் கேட்கும்போதுதான் பெரட்டு என்பது என்ன என்று நடத்துநர் சொல்லவேண்டியிருக்கும்.

புதிய படி முப்பது பக்கத்தில் வந்தது. நிகழ்வு இருபத்திரண்டு, பின்னிணைப்பாக உலகக் குறிப்பு எட்டு. கடாரம் முற்றிலும் நீக்கப்பட்டது. அதற்கு இளைஞருள் ஒருவர் இன்னும் நம்மீது வருத்தமாகவே இருக்கிறார். ஆடியபோது முதற்கால் மணியிலேயே வாக்குவாதம் மூண்டது. பால்வெட்டுக்காரனை ஏற்ற மாணவர், நாள் முழுதும் உழைத்தவனுக்கு இருக்கும் ஒரே இன்பத்தைப் பிடுங்க நீங்கள் யார் எனச் சினந்தார். மனைவியை ஏற்றவர், முன்பு நம்மிடம் வினா எழுப்பிய அதே மாணவி. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அரிசி வாங்கக் கடன் தரும் கடை தோட்டத்தில் எது என்று கேட்டார். எட்டுப் பக்கக் குறிப்பில் அது இல்லை. அங்கிருந்தோருள் எவருக்கும் தெரியவில்லை. ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளித்திண்ணைக்குச் சென்று, தம் பாட்டியை அழைத்தார்.