வூஸ்டர் பிரபுவின் ஸிஸரோ

நல்ல புத்தகங்களைப் படிப்பவன் நல்லவனாகிவிடுவான் என்று எழுதிப் பிழைக்கிற நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. வூஸ்டர் பிரபு ஜான் டிப்டாஃப்டின் சரித்திரம் அதற்கு இடைஞ்சலாக இருக்கிறது.

இங்கிலாந்தில் ரோஜாப்பூ யுத்தங்கள் நடந்த காலம். இவரோ ஜெருசலேம் யாத்திரை போய்விட்டு, இத்தாலியில் பதுவா நகரில் தங்கிப் படித்தார். சுவடிகளை வாங்கிக் குவித்தார். நட்பைப் பற்றி ஸிஸரோ எழுதிய நூலை ஆங்கிலமாக்கியவரும் இவரே. 1461-ல் ஊர் திரும்பினார். மறு வருஷம், ராஜத்துரோகிகளை விசாரிக்கும் பதவியை நாலாம் எட்வர்டு இவருக்குக் கொடுத்தான். ஆக்ஸ்போர்டு பிரபுவுக்கும் மூத்த மகனுக்கும் உடனே சிரச்சேதம். 1470-ல் ஸௌத்தாம்ப்டனில் வார்விக் பிரபுவின் ஆட்கள் சுமார் இருபது பேரைத் தூக்கிலிட்டு, பிணங்களைக் கழுவில் ஏற்றினார். வார்விக் வேறு யாருமல்ல, இவருடைய முதல் மனைவியின் சகோதரர்! அதே வருஷம் காற்று திசை மாறிற்று. பழைய ஆக்ஸ்போர்டின் இன்னொரு மகன் நீதிபதியாக உட்கார்ந்தான். டிப்டாஃப்டின் தலையும் போயிற்று.

1481-ல் காக்ஸ்டன் அந்த மொழிபெயர்ப்பை அச்சிட்டபோது, கடைசியில் இவருக்காக மனம் உருகி ஒரு பின்னுரை சேர்த்தார். கழுமரத்தைப் பற்றி அதில் மூச்சில்லை. வியாபாரத் தந்திரம் என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. படிப்பாளியைப் படிப்பாளியாகவே பார்த்துப் பழகிய கண் அது. ஆனால் படிப்பு ஒரு பக்கம், கொலை ஒரு பக்கம் என்று ஜனங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. ஆக்ஸ்போர்டு குடும்பத்தைக் கொன்றது 'பதுவாச் சட்டம்' என்றுதான் அவர்கள் வைதார்கள்.