வென்றவளின் நன்றியும் விலகியவளின் மௌனமும்
தமிழ்த் திரையில் விளையாட்டுப் பயிற்றுநர் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு என்னும் சொல்லைத் தமிழில் நாம் பெரும்பாலும் பாரதூரமற்ற ஒன்றைக் குறிக்கவே வழங்கி வந்துள்ளோம். ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்றால், சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது கருத்து. ஆனால் இன்றைய போட்டி விளையாட்டு இச்சொல்லின் பொருளுக்கு முற்றிலும் மாறானது. அதிகாலையில் எழுதல், உணவை அளந்து உண்ணுதல், நோவைச் சொல்லாது பொறுத்தல், ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்து பார்த்தல் என அது சிறுவயதிலேயே தொடங்கிவிடும் ஒரு கடும் உழைப்பு. அவ்வுழைப்பை மேற்பார்வை செய்பவர் பயிற்றுநர். பிள்ளையின் உடல்மீதும் நேரத்தின்மீதும் பெற்றோருக்கும் இல்லாத அதிகாரம் அவருக்கு உண்டு. அந்த அதிகாரத்தைத் தமிழ்த் திரைப்படம் எவ்வாறு நோக்குகின்றது என்பதை இரு படங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திரைப்படம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சஞ்சிகைக்கு ஏற்ற பொருளன்று எனக் கருதுவோர் இன்றும் உளர். எனினும் எம்மவரின் எண்ணங்களை உருவாக்குவதில் நாவலும் சிறுகதையும் பெறும் பங்கினும் திரைப்படம் பெறும் பங்கு பெரிது என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

ஆசிரியரின் கண்டிப்பை அன்பின் மறுவடிவமாகக் காணும் மனப்பாங்கு எம்மிடையே வேரூன்றியது. ‘அடியாத மாடு படியாது’ என்பதும், ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பதும் வீட்டிலும் பாடசாலையிலும் நாம் கேட்டு வளர்ந்த மொழிகள். இம்மனப்பாங்கின் பழைய வடிவத்தை ஏகலைவன் கதையிலே காணலாம். தனக்குக் கற்பிக்க மறுத்த துரோணரை மண்ணிற் பிடித்துவைத்து வணங்கி வில்வித்தை கற்றவன், அவர் கேட்டபோது வலக்கைப் பெருவிரலை வெட்டிக் கொடுத்தான். காலங்காலமாக இக்கதை குருபக்திக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டு வந்தது. விரலை இழந்தபின் அவன் வாழ்வு என்னவாயிற்று என்பதிற் கதை சொல்வோர் அக்கறை காட்டுவது அரிது. கொடுத்தவனின் பெருமை பேசப்படுகின்றது. கேட்டவரின் நியாயம் பேசப்படுவதில்லை.

சுதா கொங்கராவின் இயக்கத்தில் 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘இறுதிச்சுற்று’ இப்பொருளை நேரடியாகக் கையாண்ட படம். வடசென்னையில் மீன் விற்கும் மதி என்னும் பெண்ணிடம் குத்துச்சண்டைத் திறனைக் காண்கிறார் பிரபு என்னும் பயிற்றுநர். பாலியற் குற்றச்சாட்டொன்றைச் சாட்டிச் சென்னைக்குத் துரத்தப்பட்டவர் அவர். மாதவன் பிரபுவாகவும், உண்மையிலேயே சண்டைக்கலை பயின்றவரான ரித்திகா சிங் மதியாகவும் நடித்தனர். ரித்திகா சிங்குக்கு இந்திய தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

இப்படத்தின் சிறப்புகளை முதலிற் கூறுதல் முறையாகும். பயிற்சிக்கு வருவதற்காக மதிக்குப் பிரபு நாளாந்தம் பணம் கொடுக்கிறார். இது நகைச்சுவைபோல் தோன்றினும் ஆழ்ந்த யதார்த்தம் பொதிந்தது. வறியவரின் பிள்ளைக்குக் காலைப்பொழுது என்பது கூலிப்பொழுது. அதனைப் பயிற்சிக்கு ஒதுக்குவதென்றால் யாரோ அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும். பயிற்சியும் ஓர் உழைப்பே என்பதை மதி எவ்விதக் கூச்சமுமின்றி உணர்ந்திருக்கிறாள். மேலும், விளையாட்டுச் சங்கத்தின் அதிகாரம் பெண்களின் உடலை எவ்வாறு விலைபேசுகின்றது என்பதைத் தேவ் என்னும் நிர்வாகியின் பாத்திரத்தினூடாகப் படம் துணிந்து காட்டுகின்றது. 2023இல் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக் முதலிய இந்திய மல்யுத்த வீராங்கனைகள் தமது சம்மேளனத் தலைவர்மீது பாலியற் குற்றச்சாட்டுகளைச் சுமத்திப் புதுதில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து போராடியபோது, ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப்படம் இதனைப் பேசியிருந்தது என்பது நினைவுகூரத்தக்கது.

ஆயின் இப்படத்தின் அடிப்படைக் குறைபாடும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. தேவின் அதிகாரத்தையும் பிரபுவின் அதிகாரத்தையும் படம் உள்ளத்தின் தூய்மை ஒன்றைக் கொண்டே வேறுபடுத்துகின்றது. ஒருவர் தீயவர், மற்றவர் முரடராயினும் நல்லவர். அதிகாரத்தின் அமைப்போ இருவரிடத்தும் ஒன்றே. மதி எங்கே தங்குவது, எப்போது போட்டியிடுவது, எப்போது வெளியேறுவது என்பனவற்றை முடிவு செய்பவர் அவளல்லள். தமக்கையினாற் கையில் ஊறுபட்ட நிலையில் அவள் தோற்கும்போது, என்ன நேர்ந்தது என்று கேளாமலே பிரபு அவளை வெளியேற்றிவிடுகிறார். அவர் பிழை செய்தார் என்பதைப் பார்வையாளர் அறிவர், படமும் அறியும். ஆனால் அப்பிழைக்குரிய விலையைச் செலுத்துபவள் மதி. ஈற்றில் கிடைக்கும் உலகப் பட்டம் அக்கணக்கை முடித்துவிடுகின்றது. உரிமை கொண்டாட வந்த நிர்வாகியை ஓங்கிக் குத்திவிட்டுப் பயிற்றுநரைக் கட்டித் தழுவும் மதியைக் கண்டு நாம் கைதட்டுகிறோம். கேளாமலே துரத்தியமை என்னாயிற்று என்ற வினா அந்தக் கைதட்டலில் அமுங்கிப்போகின்றது. அவள் அவர்மீது கொள்ளும் காதலும் சிந்தனைக்குரியது. தன் வாழ்வு முழுவதையும் கையில் வைத்திருக்கும் ஒருவர்மீது இளம்பெண்ணுக்கு எழும் பற்றில் எவ்வளவு அன்பு, எவ்வளவு சார்பு என்பதை ஆராயும் வாய்ப்புப் படத்துக்கு இருந்தது. அதனைப் பயன்படுத்தாது விட்டமை பெருங்குறையே.

பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) இவ்வகையில் ஒருபடி மேற்சென்ற படைப்பு எனலாம். 1970களின் வடசென்னையில், அவசரநிலைக் காலத்தின் பின்னணியில் அமைந்த இப்படத்தில் ரங்கன் வாத்தியார் தனிமனிதரல்லர். ஒரு பரம்பரையின் தலைவர், ஓர் அரசியற் கட்சியின் தொண்டர், ஊர்மக்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர். தோற்றால் தம் பரம்பரை இனி மேடையேறாது என்று ஊரறியச் சொல்லித் தம் பெயரையே பணயமாக வைக்கிறார். மாணாக்கனிடம் கேட்பதற்கு ஈடாகத் தாமும் எதையோ இழக்க ஆயத்தமாயிருப்பவர் அவர். பிரபுவும் தம் பதவியைத் துறக்கிறார் என்பது உண்மையே. ஆனால் அது தனி ஒருவரின் தியாகம்; ரங்கனின் பொறுப்போ ஊர் கண்காணிக்கும் பொறுப்பு.

எனினும் ரஞ்சித் அவரைத் தெய்வமாக்கவில்லை. வாத்தியாரின் மகன் வெற்றிச்செல்வனும் குத்துச்சண்டை வீரனே. தந்தை தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்னும் புண் அவனை மெல்ல மெல்லத் திரியச் செய்கின்றது. ரங்கன் அவனை அடித்தாரல்லர். விளக்கம் கூறாது விட்டார். கண்டிப்பின் கொடிய வடிவம் பிரம்பன்று, விளக்கமற்ற மௌனம் என்பதை இப்பாத்திரம் உணர்த்துகின்றது. மறுபுறத்தில், வாத்தியாரின் பாராட்டையே மூச்சாகக் கொண்ட கபிலன், அவர் சிறைசென்றதும் நிலைகுலைந்து சாராயத்தில் வீழ்கிறான். ஆசிரியரின் கண்கொண்டே தன்னைக் காணப் பழகியவனுக்கு, அக்கண் மறைந்ததும் தான் யார் என்பதும் மறைந்துவிடுகின்றது. மீண்டும் அவன் பயிற்சி பெறுவது கடலோரத்தில், பீடி ராயப்பன் என்னும் வயோதிபரிடம். அவரிடம் பதவியுமில்லை, பணயமுமில்லை. சார்பிலிருந்து விடுபட்ட கல்வி எத்தகையதாக இருக்கலாம் என்பதற்கு அக்காட்சிகள் ஒரு சிறு குறிப்பைத் தருகின்றன. ஆயினும் இப்படமும் வெற்றியிலேயே முடிகின்றது. வெற்றியில் முடியாத விளையாட்டுக் கதையைச் சொல்லும் துணிவு எம் திரைக்கு எளிதில் வருவதில்லை.

இவ்விடத்தில் ‘கண்டிப்பு என்பது பயிற்றுநரின் குணத்தைப் பொறுத்தது’ என்ற எண்ணத்தைப் பரிசோதித்தல் வேண்டும். நம் நாட்டவருக்குத் தொலைக்காட்சியில் மட்டும் அறிமுகமான ‘பிகர் ஸ்கேற்றிங்’ என்னும் பனித்தள நடனச்சறுக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2022 பெப்ரவரியில் பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், பதினைந்து வயதான ரஷ்யச் சிறுமி கமீலா வலியேவா முதற்கட்டத்தில் முன்னிலை வகித்தாள். முன்னர் பெறப்பட்ட மாதிரியொன்றில் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டமை அப்போதே வெளியாகியிருந்தது. அந்தப் பளுவுடன் ஆடிய இறுதிக்கட்டத்தில் அவள் பலமுறை வீழ்ந்து நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டாள். அழுதுகொண்டு வெளியே வந்தவளிடம், ஏன் போராடுவதை விட்டாய் என்ற கேள்வியைத்தான் பயிற்றுநர் எத்தேரி துத்பெரிட்சே முதலிற் கேட்டார். உலகமே அதனைப் பார்த்தது. அக்குளிர்ந்த போக்கு தம்மைக் கலங்கச் செய்ததாக ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் தோமஸ் பாக் மறுநாள் வெளிப்படையாகக் கூறினார். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அச்சிறுமிக்கு, 2021 டிசெம்பர் 25இலிருந்து கணிக்கப்படும் நான்கு ஆண்டுத் தடையை விதித்தது.

துத்பெரிட்சேயைக் கொடியவர் எனக் கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் அவருடைய மாணவியரின் வரிசையை நோக்குமிடத்து வேறொரு விடயம் புலனாகின்றது. 2014இல் பதினைந்து வயதில் குழுத் தங்கம் வென்ற யூலியா லிப்னிற்ஸ்கயா, உணவை வெறுக்கச் செய்யும் நோய்க்குச் சிகிச்சை பெற்று, 2017இல் பத்தொன்பது வயதிலே ஓய்வுபெற்றாள். 2018இல் பதினைந்து வயதில் தனிநபர் தங்கம் வென்ற அலினா சகித்தோவா, அடுத்த ஆண்டின் முடிவிலேயே போட்டிகளிலிருந்து ஒதுங்கினாள். ஒரே வயதில் ஏற்றம், சில ஆண்டுகளில் இறக்கம். காரணம் புள்ளிமுறையில் உண்டு. ஆகாயத்தில் நான்கு முறை சுழன்று இறங்குவதற்கு அதிக புள்ளி. பருவமடையாத மெலிந்த உடலுக்கு அச்சுழற்சி எளிது. எனவே உடல் வளர்வதற்கு முன்னரே பதக்கத்தைப் பறித்துவிட வேண்டும் என்ற அவசரமும், உணவின்மீதான காவலும் அம்முறையிலிருந்தே பிறக்கின்றன. இதனை உணர்ந்தே சர்வதேசச் சறுக்கற் சங்கம் முதியோர் போட்டிக்கான ஆகக்குறைந்த வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்த 2022 ஜூனில் முடிவு செய்தது. கண்டிப்பின் ஊற்று தனிமனித நெஞ்சில் மட்டுமன்று, போட்டியின் அமைப்பிலும் உள்ளது. எம் படங்கள் நல்லவர், தீயவர் என்ற பாகுபாட்டோடு நின்றுவிடுவதால் இவ்வூற்றைக் காணத் தவறுகின்றன.

அப்படியாயின் கண்டிப்பே வேண்டாமா என்று கேட்கலாம். நாம் கல்வி பயிலும் இக்கண்டி மாநகரத்தின் அண்மையிலேயே இதற்கு விடை உண்டு. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த முத்தையா முரளிதரன், ஏறத்தாழப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாறியது பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனையினாலேயே. பிறவியிலேயே முற்றாக நீட்டமுடியாத முழங்கையைக் கொண்டவர் அம்மாணவர். 1992இல் டெஸ்ட் அரங்கில் நுழைந்து, 2010 ஜூலையில் காலியில் எண்ணூறாவது விக்கெட்டுடன் அவர் விடைபெற்ற வரலாற்றை யாவரும் அறிவர். இங்கே நாம் கருதவேண்டியது எண்ணிக்கையை அன்று. தமது திட்டத்துக்கேற்ப மாணவனை வளைக்காது, மாணவனின் உடலுக்கேற்ற வழியைக் கண்டு சொன்னமையே அவ்வாசிரியரின் திறம். பயிற்சியின் கடுமை குறைந்திருக்கும் என எண்ணுவதற்கில்லை. கடுமை வேறு, கொடுமை வேறு.

இங்கு என் சொந்த அனுபவமொன்றைக் குறிப்பிடுவதற்கு வாசகர் பொறுத்தருள வேண்டும். மலையகப் பாடசாலையொன்றில் எண்ணூறு மீற்றர் ஓட்டத்துக்கு நானும் தோழி ஒருத்தியும் ஒன்றாகவே பயிற்சி பெற்றோம். பிந்தியவரின் கால்களிற் பிரம்பு விழும். நான் மாகாண மட்டம்வரை சென்றேன். பரிசளிப்பு விழாவில், “சேர் அடித்திராவிட்டால் நான் ஓடியிருக்கமாட்டேன்” என்று மேடையிற் கூறினேன், சபை கைதட்டியது. தோழி அதற்கு முந்திய ஆண்டே ஓட்டத்தை விட்டுவிட்டாள். பின்னர் பாடசாலையையும் விட்டாள். அவள் என்னிலும் வேகமானவள். அவளை எவரும் மேடைக்கு அழைக்கவில்லை. ஏன் விட்டாய் என்று நானும் கேட்டதில்லை. ‘இறுதிச்சுற்று’ படத்தின் கடைசிக் காட்சியில் எல்லோரும் கைதட்டியபோது என் கைகள் ஏன் எழவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அன்று மேடையில் நான் கூறியது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை.

கண்டிப்புக்குச் சான்றாக நாம் எப்போதும் முன்வைப்பது வென்றவளின் நன்றியையே. விலகியவளின் மௌனம் சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் எந்தப் பிரம்பும் நல்ல பிரம்பாகவே தோன்றும். எம் திரைப்படங்களும் வெற்றியில் முடிவதன் மூலம் இக்கணக்கையே திரும்பத் திரும்பப் போடுகின்றன. வறுமையிலிருந்து வெளியேற விளையாட்டைத் தவிர வேறு வழியில்லாத பிள்ளைக்கு, அவ்வழியின் வாசலில் ஒரே ஓர் ஆசிரியர் நிற்கும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை எங்கே இருக்கின்றது?

எனவே இவ்வகைப் படைப்புகளை மதிப்பிடுகையில் மூன்று வினாக்களையேனும் நாம் எழுப்புதல் தகும். மாணவர் மறுத்துரைக்க முடிகின்றதா? ஆசிரியரின் பிழைக்கு விலை கொடுப்பவர் யார்? பதக்கம் இல்லாதிருந்தால் அவ்வுறவில் எஞ்சுவது என்ன? ‘இறுதிச்சுற்று’ முதல் வினாவைத் தொட்டு விலகியது. ‘சார்பட்டா பரம்பரை’ இரண்டாவதை ஓரளவு எதிர்கொண்டது. மூன்றாவது வினாவுக்கு விடை தேடும் படைப்பு இனித்தான் வரவேண்டும். அது தோற்றவளின் கதையாக இருக்கலாம். பாதியில் நின்றுவிட்டவளின் கதையாகவும் இருக்கலாம். அதனை எழுதுபவர் எம் மலைநாட்டிலிருந்தே தோன்றக்கூடும். அதற்கு முன்னர், நாம் கேளாது விட்டவர்களிடம் சென்று கேட்கத் தொடங்குவோமாக.